சின்னமலைக்கு நெப்போலியனின் குதிரை பொருந்துமா?

காங்கேயம் தூரிகை:

வணக்கங்க. காங்கேயம் பக்கம் சுவர் விளம்பரமும் கோயில் வண்ண வேலையும் செய்கிறேன். பக்கத்து ஊர்த் தம்பிகள் சிலர், ஆடிப்பெருக்குக்குள் சமுதாயக்கூடத்துச் சுவரில் தீரன் சின்னமலை படம் வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். சுவர் 12 அடி அகலம், 8 அடி உயரம். மெயின் ரோட்டைப் பார்த்த சுவர் என்பதால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்.

செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்ணா" என்றார்கள். நெப்போலியன் படம். குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது, போர்வை காற்றில் பறக்கிறது, ஒரு கை மேலே காட்டுகிறது. முகத்தை மாற்றி, தலைப்பாகையும் மீசையும் வைத்து, கையில் வாளைக் கொடுத்துவிட்டால் போதுமாம். போர்வை மட்டும் அவர்கள் அமைப்பின் கொடி நிறத்தில் இருக்க வேண்டும்.

வரைவதில் சிரமமில்லை. கட்டம் போட்டுப் பெருக்கினால் வந்துவிடும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது குதிரையின் காலடிப் பாறையில் எழுத்து செதுக்கியிருப்பது தெரிந்தது. அப்படியென்றால் அதில் ஒவ்வொன்றும் ஏதோ சொல்ல வருகிறது. என்னவென்று தெரியாமல் அதை எடுத்து நம் ஆள்மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

பாறையில் என்ன எழுதியிருக்கிறது? கை எதைக் காட்டுகிறது? குதிரை இரண்டு முன்னங்காலையும் தூக்கியிருந்தால் அவர் போரில் இறந்தவர் என்று சொல்கிறார்களே, அது விதியா? சின்னமலை சங்ககிரியில் தூக்கில் இறந்தவர். அவருக்கு எத்தனை கால் தூக்குவது? அப்புறம் அவருடைய உண்மையான முகம் என்று ஏதாவது இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.


சென்னிமலை தறி:

எங்க அப்பாரும் அந்தக் கால் கணக்கைச் சொல்வார். இரண்டு கால் தூக்கினால் போரில் சாவு, ஒரு கால் தூக்கினால் போர்க்காயத்தால் சாவு, நாலும் தரையில் இருந்தால் சாதாரண சாவு. தூக்குக்கு என்ன கணக்கு என்று அவரும் சொன்னதில்லை.

என்னைக் கேட்டால் தம்பிகள் கேட்ட மாதிரியே வரைந்து கொடுங்கண்ணா. பஸ்ஸில் போகிறவனுக்குக் கிடைப்பது சில நொடிதான். அதற்குள் "யார்ரா இது" என்று திரும்பிப் பார்க்க வேண்டும். குதிரை எழுந்து நின்றால்தான் அந்த வேகம் வரும்.


கோபி ஓவிய வாத்தியார்:

காங்கேயம் தம்பிக்கு, நீங்கள் கேட்ட விதமே எனக்கு நிறைவாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாத வருஷமே கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரைந்தவர் ழாக் லூயி தாவீத். நெப்போலியன் 1800 மே மாதம் ஆல்ப்ஸ் மலையில் கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கினார். அடுத்த மாதமே மரெங்கோவில் ஆஸ்திரியப் படையை வென்றார். அதற்குப் பிறகு இந்தப் படத்தை முதலில் கேட்டு வாங்கியவர் ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ். 1801க்கும் 1805க்கும் நடுவில் ஐந்து பிரதிகள் தயாராயின. இணையத்தில் ஒன்றில் போர்வை மஞ்சளாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் இருப்பது அதனால்தான். குதிரையின் நிறமும் பிரதிக்குப் பிரதி மாறும். ஆக, போர்வையின் நிறத்துக்குப் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். அர்த்தம் இருக்கும் இடங்கள் வேறு.

முதலாவது அந்தப் பாறை. மூன்று பெயர்கள் இருக்கின்றன. மேலே புதிதாக வெட்டியது போலப் பளிச்சென்று "போனபார்ட்". அதற்குக் கீழே மங்கலாக "ஹானிபல்". அதற்கும் கீழே "கரோலஸ் மேக்னஸ்", அதாவது சார்லமேன். ஹானிபல் கி.மு. 218இல் யானைகளோடு ஆல்ப்ஸைத் தாண்டி ரோமை நடுங்க வைத்தவர். சார்லமேன் 773இல் அதே மலையைத் தாண்டி லொம்பார்டியர்களை வென்றவர், பின்னால் பேரரசராக முடிசூடியவர். படம் வரையத் தொடங்கியபோது நெப்போலியன் பேரரசர் அல்ல, குடியரசின் முதல் கான்சல், அதாவது ஆட்சித் தலைவர் மட்டுமே. முடி சூட்டிக்கொண்டது 1804இல். பாறையில் இருக்கும் பெயர்வரிசை அந்த முடியை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டது. புரட்சியில் பிறந்த ஒரு தளபதி, தன்னைப் பேரரசர்களின் வாரிசாக ஊருக்கு அறிவிக்கும் பத்திரம் இது.

அடுத்தது கை. கையுறை இல்லாத வலது கை மலை உச்சியைக் காட்டுகிறது, ஏறுங்கள் என்று. போர்வையைக் கவனியுங்கள், கை காட்டும் பக்கமாகவே பறக்கிறது. காற்றும் அவர் சொல் கேட்கிறது. குதிரையின் கண் மிரள்கிறது, பிடரி சிதறுகிறது, ஏறி அமர்ந்தவர் முகத்தில் சலனமே இல்லை. சீறும் குதிரைமேல் அமைதியாக இருப்பதாகத் தன்னை வரையச் சொல்லிக் கேட்டவர் நெப்போலியனேதான். மிரண்டு கிடக்கிற நாட்டை நான் அடக்கி நடத்துகிறேன் என்பது அதன் பொருள். குதிரை வயிற்றுக்குக் கீழே பாருங்கள், எறும்பளவு வீரர்கள் பீரங்கியை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலையை உண்மையில் ஏறியது அவர்கள்தான். படத்தில் அவர்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

நடந்தது வேறு. படை போய்ச் சில நாள் கழித்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவர் பிடித்து நடத்த, கோவேறு கழுதைமேல் உட்கார்ந்து அவர் அந்தக் கணவாயைக் கடந்தார். மலைப்பாதைக்கு அதுதான் சரியான வாகனம், அதில் இழுக்கு ஒன்றுமில்லை. படத்துக்காக உட்காரவும் அவர் மறுத்துவிட்டார். தாவீத் தன் மகனை ஏணிமேல் உட்காரவைத்து உடம்பை வரைந்தார். மரெங்கோவில் போட்டிருந்த சீருடையையும் தொப்பியையும் மட்டும் இரவலாக வாங்கிக்கொண்டார். துணி நிஜம், குதிரை கற்பனை. ஏறக்குறைய 50 வருஷம் கழித்து போல் தெலரோஷ் அந்தக் கழுதையையே வரைந்தார். பனியில், சாம்பல் நிற மேலங்கிக்குள் கையை விட்டுக்கொண்டு, சோர்ந்த முகத்தோடு ஒரு மனிதர் போகிறார். அந்தப் படத்தின் ஒரு பிரதி பாரிஸ் லூவரிலும் இன்னொன்று லிவர்பூலிலும் இருக்கின்றன. தேடிப் பாருங்கள். எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வருவது அந்தப் படத்தைப் பார்க்கும்போதுதான்.

கால் கணக்கு விதியே அல்ல. இதே படத்தில் குதிரை இரண்டு காலையும் தூக்கியிருக்கிறது. நெப்போலியன் 1821இல் செயின்ட் ஹெலினா தீவில் நோயில் படுக்கையில் இறந்தார். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மகா பீட்டரின் வெண்கலக் குதிரையும் எழுந்துதான் நிற்கிறது, அவரும் நோயில் போனவர். சிலையில் எழும் குதிரை அரிதாக இருப்பதற்குக் காரணம் பாரம். அவ்வளவு வெண்கலத்தையும் பின்னங்காலும் வாலும் தாங்க வேண்டும். உங்கள் சுவருக்கு அந்தக் கவலை இல்லை. சின்னமலைக்கு எத்தனை கால் என்பதை உங்கள் மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

முகம். அவரை நேரில் உட்காரவைத்து வரைந்த படம் எதுவும் நம் கையில் இல்லை. இன்று சிலையிலும் காலண்டரிலும் பார்ப்பது பின்னால் வந்தவர்களின் கற்பனை. ஆனால் வயது தெரியும். 1756 ஏப்ரல் 17இல் பிறந்தார், 1805 ஜூலை 31இல் தூக்கிலிடப்பட்டார். 49 வயது. ஆல்ப்ஸைத் தாண்டியபோது நெப்போலியனுக்கு 30. அந்த 30 வயது உடம்பின்மேல் இந்த 49 வயது வாழ்க்கையை ஒட்ட முடியாது தம்பி. காவிரிக்கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் நடந்த சண்டைகளுக்குத் தலைமை தாங்கியபோது அவர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர். மீசையில் நரை வையுங்கள். கண்ணுக்குக் கீழே களைப்பு வையுங்கள். நான்கு வருஷமாகக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதிக்கொண்டிருந்த மனிதருக்குக் களைப்பு இருக்காதா?

நெப்போலியனிடம் எதையாவது எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், இதே தாவீத் 1812இல் வரைந்த இன்னொரு படத்தைப் பாருங்கள். வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. துய்லரி அரண்மனையில் எழுத்துமேசைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கடிகாரத்தில் மணி 4:13, விடியற்காலை. மெழுகுவர்த்திகள் எரிந்து அடியில் வந்துவிட்டன. மேசைமேல் சட்டத்தொகுப்பின் சுருள். வாள் நாற்காலியில் கிடக்கிறது. காலுறை கசங்கியிருக்கிறது, முன்மண்டையில் முடி குறைந்துவிட்டது. கையைச் சட்டைக்குள் விட்டிருப்பது வயிற்றுவலியால் என்பார்கள். அப்படி இல்லை, அந்தக் காலத்தில் மதிப்புள்ளவர்கள் படத்துக்கு நிற்கும் தோரணை அது. குதிரையும் இல்லை, மலையும் இல்லை. உங்களுக்காக ராத்திரி முழுக்க விழித்துச் சட்டம் எழுதினேன் என்று அங்கிருக்கும் பொருள்களே சொல்லிவிடுகின்றன. கேட்டு வாங்கியவர் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு, அதுவும் பிரிட்டனும் பிரான்சும் போரில் இருந்த நேரத்தில். இதுவும் விளம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் கைவேலையாகப் பார்த்தால் நமக்குப் பாடம் இருப்பது இதில்தான்.


கோவை வரலாறு:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். கோவையில் வரலாறு முதுகலை படிக்கிறேன். ஐயா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துப்போகிறேன், பாதிக்கு இல்லை.

தம்பிகளுக்கு நெப்போலியன் நினைவு வந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் தொடர்பு நிஜமாகவே உண்டு. 1799 ஜனவரியில் எகிப்தின் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்குக் கடிதம் எழுதினார், ஆங்கிலேயரின் பிடியிலிருந்து உங்களை விடுவிக்க விரும்புகிறேன் என்று. கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அந்த வருஷம் மே 4இல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். திப்புவின் பக்கம் நின்று போரிட்ட கொங்குப் படையின் தலைவர்தான் சின்னமலை.

ஆனால் விடுதலைக்குப் போராடியவருக்கு நெப்போலியனை அச்சாக எடுப்பது எனக்கு உறுத்துகிறது. ஹைத்தியில் அடிமையாகப் பிறந்து, அடிமைகளின் புரட்சிப் படைக்குத் தலைமை தாங்கியவர் தூசான் லூவெர்த்யூர். அவரை அடக்க 1802இல் படை அனுப்பியவர் இதே நெப்போலியன். பேச்சுவார்த்தை என்று அழைத்து, பிடித்து, பிரான்சின் ஜூ கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்துபோனார். சின்னமலைபோலவே அவருக்கும் நேரில் வரைந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய படம் இல்லை. 1832இல் அச்சான பக்கவாட்டு முகம் ஒன்றுதான் எல்லாப் புத்தகத்திலும் வரும். மற்றப் படங்களில் உள்ள முகம் அதோடு சேராது. 1800 வாக்கில் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்தில் அவரும் எழும் குதிரைமேல் வாளோங்கி இருக்கிறார்.

நான் மாறுபடும் இடம் அதுதான் ஐயா. வென்றவர்களுக்குப் படத்துக்குக் குறைவே இல்லை. திப்புவின் உடலைக் கண்டெடுக்கும் ஜெனரல் பேர்டை டேவிட் வில்கி 1839இல் வரைந்த படத்தைப் பாருங்கள். பேர்ட் வாசலில் நெடுநெடுவென்று நிற்கிறார், திப்பு காலடியில் கிடக்கிறார். பேர்டின் காலுக்குக் கீழே தரையில் ஒரு கம்பிவலை. பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டுக் கிடந்த சிறையை அது நினைவுபடுத்துகிறது. அந்தச் சிறையின்மேல் ஏறி நிற்கிறார் என்று அர்த்தம். படத்துக்குப் பணம் கொடுத்தது பேர்டின் மனைவி. அவர்கள் இவ்வளவு துணிச்சலாகத் தங்கள் பெருமையை வரையும்போது, ஒரு படம்கூட இல்லாமல் போன நம் ஆளுக்கு நரைத்த மீசையும் களைப்பும்தானா? நெப்போலியன் வேண்டாம். ஆனால் குதிரை எழட்டும்.


கோபி ஓவிய வாத்தியார்:

அம்மணி, நல்லாச் சொன்னீங்க. அந்தக் கம்பிவலையைக் கொண்டுவந்தது ரொம்ப நல்லது. ஒரு சின்னப் பொருள் படத்தின் மொத்தக் கதையையும் எப்படித் தாங்குகிறது என்று தம்பிக்குப் புரியும்.

கம்பீரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பீரத்தைக் காட்ட நம் பக்கத்திலேயே வேறு வழி இருக்கிறது. சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போங்கள். 1784இல் கட்டிய தரியா தௌலத் அரண்மனையின் மேற்குச் சுவரில், நீங்கள் சொன்ன அதே பொள்ளிலூர்ப் போரைத் திப்பு வரையவைத்திருக்கிறார். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த போர். பின்னால் வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே வண்ணம் புதுப்பிக்கப்பட்டது, ஆனால் அமைப்பு அப்படியே இருக்கிறது. நடுவில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து, பயத்தில் விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் தலைகள் உருள்கின்றன. இவ்வளவுக்கும் நடுவில் திப்பு படையை நடத்தி வருகிறார், தோட்டத்தில் உலாவுகிற மாதிரி கையில் ஒரு பூவை முகர்ந்துகொண்டு.

தாவீத் வரைவதற்குப் பல வருஷம் முன்பு வந்த படம் அது. சீறும் குதிரைமேல் அமைதி என்று நெப்போலியன் கேட்டாரே, அதே அமைதிதான். ஆனால் அங்கே மலையும் புயலும் மிரளும் குதிரையும் தேவைப்பட்டன, இங்கே ஒரு பூ போதுமாக இருந்தது. அந்த அரண்மனையில் பிறகு குடியிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் அவர்தான். தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் நடந்திருப்பார். சின்னமலை காலத்துத் தென்னாட்டில் ஒரு படைத்தலைவனை எப்படி வரைந்தார்கள் என்று கேட்டால் நான் அந்தச் சுவரைத்தான் காட்டுவேன்.

இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் நம்முடைய நடுகற்கள் இருக்கின்றன. கொங்கில் எத்தனை ஊரில் புலிக்குத்திக்கல் நிற்கிறது! பட்டிக்கு வந்த புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். புலி எழுந்து பாய்கிறது, வீரன் காலை ஊன்றி நிற்கிறான், அவன் கையிலிருக்கும் ஆயுதம் புலியின் உடம்பில் இறங்கியிருக்கிறது. சில கற்களில் அதற்கு மேலே ஒரு அடுக்கு, தேவமகளிர் இரண்டு பக்கமும் அவனைத் தாங்கிக்கொண்டு போவார்கள். இன்னும் மேலே அவன் சிவலிங்கத்துக்கு முன் உட்கார்ந்திருப்பான். அவன் செத்தான் என்பதைக் கல் மறைக்கவில்லை. செத்தான், அதனால்தான் கும்பிடுகிறோம் என்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு அடங்கவில்லை அம்மணி. நெப்போலியனுக்குக் கழுதையை மறைத்தார்கள், ஏனென்றால் அவர் முடியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னமலை இன்று யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஓடாநிலைக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள், அவரைப் பிடித்துச் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஆடிப்பெருக்கு அன்று நாம் கூடுவதே அந்தச் சாவுக்காகத்தான். அன்றைக்குத் திறக்கிற படத்தில் சாவின் சுவடே இல்லாமல், மலையை ஜெயித்த குதிரை மட்டும் இருந்தால், அது யாருடைய படம்? அவரை நான் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. அவர் கொடுத்ததை முழுசாகக் காட்டச் சொல்கிறேன்.

என் யோசனை இது. அவர் குதிரைமேல் நேராக உட்காரட்டும். குதிரை நடக்கட்டும். பின்னால் வலது மூலையில் சங்ககிரி மலை, அடுக்கடுக்காக ஏறும் மதில்களோடு, மங்கிய நீலத்தில். குதிரை அந்த மலையைப் பார்த்துப் போகட்டும். எங்கே போகிறார் என்று நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கயிறு வரைய வேண்டாம். கையில் வாள் இருக்கட்டும், உறைக்குள். ஜரிகைக் கோட்டும் முத்துமாலையும் வேண்டாம். காலடியில் வரும் ஆட்களை எறும்பாக்காதீர்கள். அவரோடு போரிட்டவர்கள், கூடவே தூக்கில் ஏறிய தம்பிமார், அவர்களுக்கும் முகம் கொடுங்கள்.


சென்னிமலை தறி:

ஐயா சொன்னது படிக்கப் படிக்கச் சிலிர்க்குது. ஆனால் பஸ்ஸில் போகிறவன் கணக்கை நான் விடமாட்டேன். மூலையில் மங்கல் நீலத்தில் மலை வைத்தால் ரோட்டிலிருந்து தெரியவே தெரியாது. மலையைப் பெரிதாக, சுவரின் பாதி உயரத்துக்கு வையுங்கள். காலையில் எழும் சூரியன் மாதிரி மலைக்குப் பின்னால் ஆரஞ்சு போட்டால் தலைப்பாகை அந்த வெளிச்சத்தில் எடுத்துக் காட்டும். கூட வருகிறவர்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் தூரத்துக்கு வெறும் கறுப்புத் திட்டாகிவிடும்.


அந்தியூர் லாயம்:

குதிரை வளர்க்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நடக்கும் குதிரை என்று முடிவானால் கால்களைத் தப்பாக வரைந்துவிடாதீங்க. நிறையச் சுவரில் பார்க்கிறேன், ஒரே பக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் ஜோடியாக ஒரே வீச்சில் முன்னால் போகின்றன. நடையில் குதிரை ஒவ்வொரு காலாகத்தான் எடுத்து வைக்கும், எப்போதும் இரண்டோ மூன்றோ குளம்பு தரையில் இருக்கும். ஒரு முன்னங்கால் மடங்கித் தூக்கியிருக்க, மற்ற மூன்றும் ஊன்றியிருந்தால் பார்க்கவும் அழகு, சரியாகவும் இருக்கும்.

குருநாதசாமி கோயில் சந்தைக்கு வந்தால் கத்தியவார், மார்வார் குதிரை எல்லாம் நேரில் பார்க்கலாம். ஆனால் அது ஆடிக் கடைசி வாக்கில்தான், உங்க வேலைக்கு உதவாது. அதற்கு முன்னால் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வாங்க, என் லாயத்திலேயே நடக்கவிட்டுக் காட்டுகிறேன், போட்டோ எடுத்துக்கலாம். காது முன்னால் திரும்பியிருக்கட்டும். பின்னால் மடங்கிய காது பயத்தையோ கோபத்தையோ காட்டும். அந்த நெப்போலியன் குதிரை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு இருக்கவும் வேண்டாம். கடிவாளத்தை வெட்டி இழுக்கிறவனின் குதிரைதான் அப்படி வாயைத் திறக்கும். நல்ல சவாரிக்காரன் கையில் வார் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.


காங்கேயம் தூரிகை:

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ராத்திரி தம்பிகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கழுதை விஷயத்தைக் கேட்டதும் முதலில் யாரும் நம்பவில்லை. தெலரோஷ் படத்தைத் தேடி எடுத்துக் காட்டிய பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அதில் ஒருத்தன், "அப்போ நம்ம ஆளுக்கு இன்னொருத்தன் பொய்யை எதுக்குப் போடணும்" என்றான்.

முடிவானது இவ்வளவு. குதிரை நடக்கிறது, ஒரு முன்னங்கால் மட்டும் மேலே. மீசையில் நரை உண்டு. சங்ககிரி மலை, சென்னிமலை அண்ணன் சொன்ன மாதிரி சுவரின் பாதி உயரத்துக்கு, பின்னால் விடியற்கால வெளிச்சம். கூட மூன்று பேர், முகம் தெளிவாக. வாள் உறைக்குள்ளா வெளியிலா என்று இன்னும் இழுபறி. ஓங்கிய வாள் இல்லையென்றால் வீரன் என்று எப்படித் தெரியும் என்கிறார்கள். போர்வைக்குக் கொடி நிறம் என்பதையும் அவர்கள் விடவில்லை. ஊர்ச் சுவரில் ஓர் அமைப்பின் நிறத்தை அவர் தோளில் போட்டால் மற்ற ஊர்க்காரர்கள் இது நம்ம படம் இல்லை என்று தள்ளிப் போய்விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். நாளை பதில் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.

வாத்தியாரிடம் ஒன்று மட்டும். அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம், வரையட்டுமா வேண்டாமா? பழைய படம் சிலவற்றில் கால் சும்மா தொங்குகிறது.


கோபி ஓவிய வாத்தியார்:

வரையுங்கள். சென்னைத் தீவுத்திடல் பக்கம் தாமஸ் மன்றோ சிலையில் அங்கவடி இல்லை, சிற்பி சாண்ட்ரி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதையும் உண்டு. பழைய ரோமானியச் சிலைகளில் அங்கவடி இருக்காது, அந்தச் சாயல் அவருக்குப் பொருந்தும். இதே சேலம், பாராமகால் பக்கம் கம்பெனிக்கு வரி வசூல் ஏற்பாடு செய்தவர் அந்த மன்றோ. சின்னமலையை அந்தச் சாயலில் கொண்டுபோக வேண்டியதில்லை. குதிரையில் சண்டை போட்டவர் அங்கவடியில் கால் ஊன்றித்தான் எழுந்து வாள் வீசியிருப்பார். குதிகால் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கட்டும், அப்போதுதான் பாரம் காலில் இருப்பது தெரியும்.

வாள் விஷயத்தில் அவர்கள் ரொம்பப் பிடிவாதமாக இருந்தால் உருவியே இருக்கட்டும், ஆனால் முனை கீழே பார்க்கட்டும். போர்வை நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க தம்பி. கரி ஓவியம் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து இங்கே வையுங்கள், வண்ணம் தொடுவதற்கு முன்னால் அந்தியூர்க்காரர் குதிரையைப் பார்த்துச் சொல்லட்டும்.